பஞ்சு மார்க்கெட் பெஞ்சுக்கு ஒரு மடல்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த அந்த டீக்கடைப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டவர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து அதே பெஞ்சில் இடம்பிடித்தவர்களுக்கும், எழுபதுகளில் இந்தச் சுற்றுவட்டார மில்களில் ஷிப்டு பார்த்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருடைய விலாசம் என்னிடம் இல்லை. வேலை போனதும் திருப்பூர்ப் பக்கம் போனவர்கள் உண்டு, மகன் வீட்டோடு சென்னைக்குப் போனவர்கள் உண்டு. இருக்கிறார்களா இல்லையா என்று கேட்கவே பயமாக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் தனித்தனியாகத் தபாலில் போடாமல் பொதுவில் எழுதுகிறேன். யார் கண்ணில் பட்டாலும், கண் மங்கிப்போன இன்னொருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் சேதி. தென்னங்கீற்றுப் பாட்டை எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது.

பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? 1977 என்று நினைக்கிறேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். கண்ணதாசன்தான் என்று நான் சொன்னேன். கார்டிங்கில் வேலை பார்த்த அண்ணன், பட்டுக்கோட்டை என்று அடித்துச் சொன்னார். மருதகாசி என்றது இன்னொரு குரல். ஜெயிக்கிறவனுக்குத் தோற்றவர்கள் ஒரு வாரம் டீயும் வடையும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. டீக்கடைக்காரர் சாட்சி. அந்தப் பந்தயம் தீரவே இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பேரப்பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்க ஒரு கடையில் நின்றேன். பின்கட்டில் விறகடுப்பு. அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. இருபது வயசுப் பையன் ஒருவன், நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் சட்டியின் ஓரத்தில் ஒட்டும் ஆடையைச் சுரண்டிச் சுரண்டி நடுவே தள்ளிக்கொண்டிருந்தான். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். சன்னல் திட்டில் அவனுடைய போன் கோடைப் பண்பலையில் பழைய பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று பி.பி.ஸ்ரீநிவாஸ். எத்தனையாவது ரூபாய் எண்ணினேன் என்பது மறந்துவிட்டது.

நாற்பது வருஷமாவது இருக்கும் அந்தப் பாட்டைக் கேட்டு. "தம்பி, கொஞ்சம் சத்தமா வையேன்" என்றேன். "கையை எடுக்க முடியாது அண்ணாச்சி, உள்ள வந்து நீங்களே கூட்டிக்கோங்க" என்றான். அடுப்படிக்குள் போய் நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியதால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று அவன் நினைத்திருப்பான். நல்லது.

சட்டியை இறக்கி வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனில் தேடி எடுத்துக் காட்டினான். படம்: பாதை தெரியுது பார். வருஷம் 1960. இசை: எம்.பி.சீனிவாசன். பாடியவர்கள்: பி.பி.ஸ்ரீநிவாஸ், எஸ்.ஜானகி. பாடல்: ஜெயகாந்தன்.

"எந்த ஜெயகாந்தன்?" என்று அவனைக் கேட்டேன். அவனுக்கு எப்படித் தெரியும்?

நம்முடைய ஜெயகாந்தன்தான், நண்பர்களே. அதே ஜெயகாந்தன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி பென்னிங்டன் நூலகத்திலிருந்து ஜெயகாந்தன் புத்தகங்களை எடுத்து, தினத்தந்தித் தாளில் சுற்றிக் கொண்டுவருவான். 1875-இல் ஆரம்பித்த நூலகம் அது. நம்மை மாதிரி ஆட்களுக்கு உள்ளே போகவே கூச்சமாக இருந்த காலத்தில் அவன் ஒருவன் சந்தா கட்டியிருந்தான். ஒரே புத்தகம் ஆறு கை மாறும். திருப்பிக் கொடுக்கும்போது தாள்களுக்கு நடுவே பஞ்சு இருக்கும். நம் தலையிலும் புருவத்திலும் இருந்து உதிர்ந்த பஞ்சு. நூலகத்தில் இருந்தவர் அதை ஊதிவிட்டு வாங்கி வைப்பாராம், ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லையாம்.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' படமாக வந்த வருஷம் பெஞ்சு இரண்டாகப் பிரிந்துபோனது. அதற்கும் முன்னால் அந்தக் கதையின் மூலமான 'அக்னிப் பிரவேச'த்துக்கு. மகள் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லாம் கழுவியாகிவிட்டது என்று சொன்ன அந்தத் தாய் செய்தது சரியா தப்பா என்று நாம் போட்ட சண்டையில், முழு நைட்டுக்குச் சங்கு ஊதியதுகூடக் காதில் விழாமல் இரண்டு பேருக்கு அன்றைய வேலை போனது. கார்டிங் அண்ணன் சொன்னாரே, தங்கச்சி இருக்கிறவன் பேசுகிற பேச்சு வேறு, இல்லாதவன் பேசுகிற பேச்சு வேறு என்று. அன்றைக்குப் பெஞ்சு அடங்கியது.

அப்படி ஜெயகாந்தனுக்காக நாம் மோதிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பலகையில் இருந்த ரேடியோவில் அவர் எழுதிய பாட்டே போயிருக்கிறது. அது வந்ததும் நாம் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறோம். பாட்டு முடிந்ததும் திரும்ப அவரைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறோம். அவர்தான் எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊருக்குப் பக்கத்து நிலையம் திருநெல்வேலி. 1963 டிசம்பரில் தொடங்கியது. தெளிவாக எடுக்கும். ஆனால் அதில் சினிமாப் பாட்டுக்கு நேரம் கொஞ்சம். போட்டாலும் படம் பேரும் பாடியவர் பேரும் சொன்னால் பெரிது. எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாரையும் மரியாதையோடு வரிசையாகச் சொன்னது இலங்கை வானொலிதான். மயில்வாகனன் தொடங்கி வைத்த வழக்கம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நம் காலத்தில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். அவர்கள் தமிழைக் கேட்டுத்தானே நம் தமிழும் கொஞ்சம் திருந்தியது? 'மேஸ்திரி, நேரமாயிற்று' என்று ஒருத்தன் இலங்கைத் தமிழில் சொல்லி அடி வாங்கப் பார்த்தானே!

ஆனால் அந்தப் பெயர்களைக் கடல் தின்றுவிடும். பொழுது சாய்கிற நேரம்தான் நாம் பெஞ்சில் இருப்போம், அந்த நேரம்தான் ரேடியோவும் இரைய ஆரம்பிக்கும். அறிவிப்பாளர் பாட்டைச் சொல்லும்போது ஏறும், இறங்கும், கர்ரென்று தேய்ந்து காணாமல் போகும். பாட்டு தொடங்கியதும் தெளிந்து வரும். மன்னார்ப் பக்கம் அலை பெரிசா அடிக்குது, அதான் குரல் நனைஞ்சு போச்சு என்பார் டீக்கடைக்காரர். நாமும் அப்படியே நம்பினோம்.

என் மருமகன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறார். அவரிடம் கேட்டேன். மத்திய அலை பகலில் தரையையும் கடலையும் ஒட்டியே வருமாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கடல் மேல் வருகிற அலை அவ்வளவாகத் தேயாது. கொழும்புப் பக்கத்துச் சத்தம் நம் ஊர் வரை வந்ததற்கு அந்தக் கடலே துணை. பொழுது இறங்கியதும், மேலே வானத்தில் பகலெல்லாம் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த அடுக்கு கலைந்துவிடும். அதற்கும் மேலே இருக்கிற அடுக்கில் மோதி இன்னொரு அலை திரும்பிவரும். கீழே வருவதும் மேலிருந்து வருவதும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் பாட்டு கணீரென்று கேட்கும், முரண்பட்டால் மங்கிவிடும். டீக்கடைக்காரர் சொன்னது முழுக்கத் தப்பில்லை, பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் அலையால்தான். தண்ணீர் அலை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அந்த ரேடியோவை நினைத்துப் பாருங்கள். மரப்பெட்டி, முன்னால் மங்கிய துணி, உள்ளே வால்வு. போட்டவுடன் பாடாது, சூடேறி மெள்ள மெள்ளக் குரல் வரும். ஓட்டின் மேல் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் வலை கட்டியிருந்தார். கடைக்காரரைத் தவிர யாரும் திருகக் கூடாது. கரண்டு போனால் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டரை எடுப்பார். அதன் செல்லைப் பகலில் ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். மில் ஷெட்டில் எட்டு மணி நேரம் ரிங் பிரேம் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற நமக்கு, அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்வது வெயிலில் நடந்து வந்து ஐயனார் கோயில் ஆற்றில் காலை வைப்பது போல. உள்ளே பேச்சே கிடையாது. மணி என்ன என்றால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவோம், டாஃபர் பையனைக் கூப்பிட இரண்டு விரல், மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையை முறுக்குகிற சாடை. எட்டு மணி நேரம் ஊமையாக இருந்தவர்களுக்கு முதலில் கிடைக்கிற மனிதக் குரல் ஜானகியுடையது என்றால், அது வெறும் சினிமாப் பாட்டாக எப்படி இருக்கும்?

இனி, அன்று நமக்குத் தெரியாத கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய மடல்.

நாம் அதைக் காதல் பாட்டு என்று நினைத்தோம். காதல் பாட்டுத்தான். முடங்கியாறு ரோட்டுத் தென்னந்தோப்புகளில் அந்தப் பாட்டில் வருகிற சிட்டுக்குருவியைத் தேடிப் போனவர்கள் நம்மில் இரண்டு பேர் உண்டு; ஒருவர் தோப்பு வீடு ஒன்றிலேயே பெண் எடுத்தார். ஆனால் அந்தப் படம் தொழிலாளர்களைப் பற்றிய படம். பொதுவுடைமை இயக்கத்தோடு நின்ற கலைஞர்கள் கூடி, குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்தது. இயக்கியவர் நிமாய் கோஷ் என்ற வங்காளி. தேசப் பிரிவினையில் ஊரைவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிவந்த அகதிகளைப் பற்றி 1950-இல் 'சின்னமூல்' என்று ஒரு படம் எடுத்தவர். அப்புறம் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். கதாநாயகன் கே.விஜயன். யார் என்று பார்க்கிறீர்களா? 1979-இல் சட்டை கிழிய டிக்கெட் எடுத்தோமே 'திரிசூலம்', அதை இயக்கியவர்.

கார்டிங் அண்ணன் இருந்தால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டி.எம்.எஸ். பாடிய மூக்குத்திப் பாட்டை அவர் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாரே, அதுவும் இதே படம்தான் அண்ணே. எழுதியவர் கே.சி.எஸ்.அருணாசலம்.

இசை போட்ட எம்.பி.சீனிவாசனைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள எனக்கு மனசு கனத்தது. தமிழில் அவருக்குக் கிடைத்த படங்கள் குறைவு. மலையாளம்தான் அவரைக் கொண்டாடியது. ஓ.என்.வி.குறுப்பு எழுத, இவர் இசையமைக்க, அங்கே எத்தனையோ பாட்டு. ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்த வாத்தியக்காரர்களைக் கூட்டிச் சங்கம் கட்டியவர்களில் அவர் முன்னால் நின்றவர். சினிமாத் தொழிலாளர்களுக்கு அமைப்பு உண்டானதில் நிமாய் கோஷுக்கும் பங்கு உண்டு. பிறகு சீனிவாசன் சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டே, இளைஞர்களைக் கூட்டி வைத்துப் பாரதி பாட்டைச் சேர்ந்து பாடப் பழக்கினார். நாலு குரல் நாலு விதமாகப் போய் ஒன்றாக வந்து சேரும் சேர்ந்திசை. 1988-இல் லட்சத்தீவுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். வாரத்துக்கு ஆறு நாள் ஷிப்டு பார்த்து, ஏழாவது நாள் சங்கக் கூட்டத்துக்குப் போன நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

பாட்டு எழுதியபோது ஜெயகாந்தனுக்கு 26 வயசு. பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவர். கட்சி ஆபீசில் வளர்ந்தவர், அச்சுக் கோத்தவர். ஈயத்தூசியும் பஞ்சுத்தூசியும் போகிற இடம் ஒன்றே, நெஞ்சுக்கூடு. ஜானகிக்கு அப்போது 22. நாகசுரத்தோடு சேர்ந்து பாடிய 'கொஞ்சும் சலங்கை' பாட்டு வருவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாக்காரர், ஜானகி குண்டூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வளர்ந்த நம் ராஜு வீட்டுப் பிள்ளை, இந்தப் பாட்டில் ஏதோ எங்க வீட்டு வாசனை அடிக்குதுடா என்று அடிக்கடி சொல்வான். நாம் சிரிப்போம். அவன் மூக்கு சரியாகத்தான் மோந்திருக்கிறது.

படத்துக்கு டெல்லியில் தகுதிச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. 'களத்தூர் கண்ணம்மா'வுக்கும் அதே வருஷம்தான் கிடைத்தது. ஆனால் படம் ஓடவில்லை. எனக்குத் தெரிந்து நம் பெஞ்சில் அதைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. 1960-இல் நாம் அரைக்கால் சட்டைப் பிள்ளைகள். நாம் மில்லுக்குள் காலை வைத்தபோது அந்தப் படப்பெட்டி எந்தக் கொட்டகைக்கும் வருவது நின்றுபோயிருந்தது. நமக்காக எடுத்த படம் நம்மிடம் வந்து சேரவில்லை. அதன் பாட்டு மட்டும் வந்தது. அதுவும் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

இதை நான் அடிக்கடி நினைக்கிறேன். 1952-இல் தகவல் துறைக்கு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மட்டமானது என்று எண்ணியவர். நம் வானொலியில் அதற்கு இடம் சுருங்கியது. ஜனங்கள் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்து நிலைமை மாறினாலும், தெற்கே நமக்குப் பழகிய குரல் பழகியதுதான். சென்னையில் நாலு பேர் கூடி உருவாக்கிய பாட்டின் இசைத்தட்டு கொழும்புக்குக் கப்பலேறி, அங்கே ஓர் அலமாரியில் பதினைந்து வருஷம் இருந்து, ஓர் அறிவிப்பாளரின் விருப்பத்தால் மறுபடி ஊசிக்குக் கீழே போய், பஞ்சு மார்க்கெட் டீக்கடைக்கு வந்திருக்கிறது. படத்தின் வசூல் எவ்வளவு என்று அந்த அறிவிப்பாளர் பார்த்திருந்தால் அந்தத் தட்டை எடுத்திருப்பாரா?

1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் நாம் அந்த நிலையத்தைப் பழையபடி கேட்க முடியவில்லை. அந்தப் பக்கத்துச் சேதிகள் வர வர, பாட்டுக்காக முள்ளைத் திருப்பும்போதே கை கூசும். கே.எஸ்.ராஜாவை 1994-இல் கொழும்பில் கொன்றார்கள். அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்று, எங்கோ உறவினர் செத்த மாதிரி நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன். ராஜேஸ்வரி சண்முகம் 2012-இல் காலமானார். பாட்டுகள் எல்லாம் இன்று போனில் கிடைக்கின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த மனிதர்கள் பேசிய பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போனது. உங்களில் யாரிடமாவது டேப் ரெக்கார்டரில் பிடித்த பழைய கேசட் இருந்தால், பாட்டுத்தானே என்று மேலே வேறு எதையும் பதிந்துவிடாதீர்கள்.

இப்போது ரிங் பிரேமில் என் பக்கத்துச் சைடில் நின்றவனைப் பற்றிச் சொல்கிறேன். நோட்டுக்காரன் என்று நாம் கூப்பிடுவோமே, அவன்தான். ஒவ்வொரு பாட்டு வந்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து எழுதுவான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது ரத வீதியில் வாங்கிய நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பான்: பாட்டு, படம், பாடியவர், இசை, இயற்றியவர்.

பால்கோவா கடையிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். முடங்கியாறு ரோட்டில் அதே வீடு. தோப்பில் பாதி பிளாட்டாகிவிட்டது. அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது, உங்களுக்குத் தெரியுமா? இருபத்தெட்டு வருஷம் அந்த ஷெட்டில் நின்றான். காதுக்கு வைக்க ஒரு துண்டுப் பஞ்சு, அதுவும் நாமே பிய்த்து உருட்டி வைத்துக்கொண்டது. வேறு ஒன்றும் கொடுத்ததில்லை. எனக்கும் பாதி போயிருக்கிறது. மெல்லிய, உச்சத்துச் சத்தம்தான் முதலில் போகும், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள சத்தம் என்று டாக்டர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். மில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில் கோடு பள்ளமாக விழுமாம். பால்கோவா கடையில் எனக்கு ஸ்ரீநிவாஸ் அப்படியே அன்றைய ஸ்ரீநிவாஸாகவே கேட்டார். ஜானகி எங்கோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாடினார்.

அவனிடம் போய் நான் என்ன பாட்டுக் காட்டுவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பேத்தியின் சிலேட்டை வாங்கி, 'தென்னங்கீற்றுப் பாட்டு கேட்டேன்' என்று எழுதிக் காட்டினேன்.

அவன் அதைப் படித்தான். என் முகத்தைப் பார்த்தான். கண்ணை மூடினான். தொடையில் தாளம் தட்டி, முதலிலிருந்து பாடத் தொடங்கினான். காது கேளாதவர்கள் பேசும்போது குரல் கட்டையாக, ஏறுமாறாக வருமே, அப்படித்தான் அவனும் பேசுவான். பாட்டில் அது இல்லை. சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்த் திரும்பியது. நான் மறந்துபோயிருந்த சரணத்தைக்கூட விடவில்லை. ஜானகி பாடுகிற இடம் வந்ததும் நிறுத்தி, இடைவெளி விட்டு, அவர் முடிக்கிற நேரம் ஆனதும் மறுபடி தன் பங்கை எடுத்தான். அந்த இடைவெளியில் அவனுக்குள் ஜானகி பாடிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டதைவிடத் தெளிவாக.

அவன் மனைவி அடுப்படி நிலையில் வந்து நின்றார்கள். "பத்து வருசமாச்சு அண்ணே, இவக பாடி" என்றார்கள்.

பாடி முடித்து உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்தான். அட்டை போய்விட்டது, மில் கோன் அட்டையை வெட்டித் தைத்திருந்தான். பக்கம் புரட்டி எடுத்துக் காட்டினான். பாட்டு இருந்தது. படம் இருந்தது, 'பாதை தெரிகிறது பார்' என்று. பாடியவர்கள், இசை. இயற்றியவர் கட்டத்தில் ஒரு பென்சில் புள்ளி. அன்றைக்குக் குரல் தேய்ந்துபோன இடம். கேட்டதும் எழுதலாம் என்று பென்சிலை ஊன்றியவன், அப்படியே எடுத்துவிட்டிருக்கிறான்.

சிலேட்டில் 'ஜெயகாந்தன்' என்று எழுதினேன்.

நம்பவில்லை. மறுபடி எழுது என்று கை காட்டினான். எழுதினேன். பென்னிங்டன் நூலகம், பஞ்சு ஒட்டிய புத்தகம் என்று அதற்குக் கீழே எழுதினேன். வெகுநேரம் சிரித்தான். பிறகு பேத்தியிடம் பென்சில் கேட்டான். பேனா கொடுத்தாள், வேண்டாம் என்றான். பென்சில் வந்ததும், அந்தப் புள்ளியிலேயே வைத்து, எழுத்துக் கூட்டி எழுதுகிற பிள்ளை மாதிரி, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினான்.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினான். 412 பாட்டு. அதில் இன்னும் பதினொரு கட்டம் காலி. ஒன்றில் பாடியவர் பேர் இல்லை. இன்னொன்றில் படம் பேரே இல்லை, 'படகு' என்று மட்டும் எழுதி அடிக்கோடு. ஒன்று இலங்கைப் பொப் பாட்டு; பக்கத்தில் 'ஏ.ஈ.மனோகரனா? நித்தி கனகரத்தினமா?' என்று கேள்விக்குறி. போனில் தேடிப் பார்ப்போம் என்று சாடை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, பெஞ்சில் கேளு என்றான். அவன் குரலிலேயே, கட்டையாக. அன்று கூட இருந்து கேட்டவன் சொன்னால்தான் எழுதுவானாம்.

ஆகையால் கேட்கிறேன். தை பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, முடங்கியாறு ரோட்டில் அவன் வீட்டுத் திண்ணை. வீடு உங்களுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி, நீ எங்கே இருந்தாலும் வா. மூன்று கட்டம் நீ கூட இருந்த நாளில் விட்டுப்போனவை என்று நோட்டில் தேதி சொல்கிறது. கார்டிங் அண்ணனின் மகனோ மகளோ இதைப் படித்தால், அப்பா முணுமுணுத்த பாட்டுகளில் ஞாபகம் இருப்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். கேசட் இருப்பவர்கள் கேசட். பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை என்பதால் டீயும் வடையும் பொதுச் செலவு.

அவனோடு பேச சிலேட்டு வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது, ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுங்கள்.